ஸ்பானர் உங்கள் கையில்: சமூக சைக்கிள் பட்டறைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

முதல் தடவை வருகிறவர்கள் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, "எத்தனை மணிக்கு வந்து எடுத்துக்கலாம்?" என்று கேட்பார்கள். "விட்டுட்டுப் போக முடியாதுங்க. உள்ளே கொண்டு வாங்க, நீங்கதான் சரி பண்ணப் போறீங்க" என்று பதில் வந்ததும் முகம் மாறும். எனக்கும் மாறியது. அன்றைக்கு எனக்குப் பின்சக்கரத்தைக் கழற்றக்கூடத் தெரியாது. இப்போது சில வருடங்களாக மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன். வாசலில் அன்று திருதிருவென்று நின்ற ஆளுக்கு யாராவது இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது எந்த மாதிரி இடம்?

ஒரு அறை, சைக்கிளைத் தூக்கி மாட்டி வேலை செய்ய நாலைந்து ஸ்டாண்டு, சுவரில் வரிசையாக மாட்டிய கருவிகள், டப்பா டப்பாவாகப் பழைய பாகங்கள், விஷயம் தெரிந்த சில தன்னார்வலர்கள். சமூக சைக்கிள் பட்டறை என்றால் இவ்வளவுதான். கடையில் உங்கள் சைக்கிளை இன்னொருவர் சரிசெய்து தருவார். இங்கே நீங்கள் சரிசெய்வீர்கள், இன்னொருவர் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற எல்லாமே வருகிறது.

உலகெங்கும் பல நகரங்களில் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் 2002-ல் ஒரு குடியிருப்பில் சும்மா கிடந்த சமையலறைக்குள் சிலர் சைக்கிள்களைப் பிரித்து மாட்ட ஆரம்பித்தார்கள். அதனால் அதன் பெயரே 'பைசிக்கிள் கிச்சன்'. வியன்னா, சான் பிரான்சிஸ்கோ என்று வேறு ஊர்ப் பட்டறைகளும் 'பைக் கிச்சன்' என்றே பெயர் வைத்துக்கொண்டன. அதனால் உங்கள் பக்கத்துப் பட்டறைக்குக் 'கிச்சன்' என்று பெயர் இருந்தால் சாப்பாட்டுக் கடை என்று நினைத்துக் கடந்து போய்விடாதீர்கள்.

யாருக்கு உதவுகிறது என்று கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போகும் ஒரு அம்மா. முதல் பஸ் கிளம்பும் முன்பே அவர் வேலையில் இருக்க வேண்டும். சைக்கிள் நின்றுபோனால் அன்றைய சம்பளம் போச்சு. கடையில் கொடுத்தால் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அவருக்குத் தேவைப்பட்டது இலவச ரிப்பேர் இல்லை. ராத்திரி பஞ்சர் ஆனால் விடிவதற்குள் தானே ஒட்டிக்கொள்ளும் கைப்பழக்கம். மூன்றாவது தடவை அவர் வந்தபோது தன் சைக்கிளோடு வரவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பட்டறை ஒரு தெருவுக்கு உதவுவது பெரும்பாலும் இந்த வழியில்தான்: ஒருவர் கற்றுக்கொள்கிறார், அந்தத் தெருவில் நாலு சைக்கிள் ஓடுகிறது.

இன்னொரு வகையினர், கடைகளில் "இதைச் சரிபண்ற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். கடைக்காரர் சொல்வதில் தப்பில்லை. அவருக்கு வாடகை இருக்கிறது, ஒரு மணி நேரக் கூலி இருக்கிறது. பழைய சைக்கிளில் மூன்று மணி நேரம் போனால் அந்தக் கூலி சைக்கிளின் விலையைத் தாண்டிவிடும். பட்டறையில் அந்த மூன்று மணி நேரம் உங்களுடையது. அதனால்தான் கடைக்குக் கட்டுப்படியாகாத சைக்கிள் இங்கே பிழைத்துக்கொள்கிறது. பல ஊர்களில் கடைக்காரர்களே இப்படிப்பட்டவர்களைப் பட்டறைக்கு அனுப்புகிறார்கள். சிக்கலான வேலைகளைப் பட்டறைக்காரர்கள் கடைக்கு அனுப்புகிறார்கள்.

கிளம்புவதற்கு முன்

திறந்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலான பட்டறைகள் தினமும் திறப்பதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், அதுவும் சாயங்காலத்தில் சில மணி நேரம்தான். திறந்த உடனே போய்விடுங்கள். கடைசி அரை மணி நேரத்தில் போய், "சின்ன வேலைதான்" என்று பெரிய வேலையை ஆரம்பிக்காதீர்கள். சைக்கிளில் சின்ன வேலை என்று ஒன்று கிடையாது, துருப்பிடித்த நட்டு ஒன்று வரும் வரைக்கும்தான் அது சின்ன வேலை.

சைக்கிளை ஒரு தடவை துடைத்துக்கொண்டு போனால் புண்ணியம். சேறு அப்பிய சைக்கிளில் எந்த போல்ட் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே கால்மணி நேரம் போய்விடும். கறை பட்டால் கவலைப்படாத உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள். நீளமான முடி இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள். காலில் முன்பக்கம் மூடிய செருப்பு அல்லது ஷூ. மேசையிலிருந்து விழும் சுத்தியல் ஆள் பார்த்து விழாது.

டயரோ டியூபோ புதிதாக வாங்கிக்கொண்டு போவதென்றால், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். '37-622' என்பதுபோல இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது அது ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். '26 அங்குலம்', '28 அங்குலம்' என்று சொல்லி வாங்கினால் ஏமாறுவீர்கள். 26 என்ற பெயரிலேயே 559-ம் உண்டு, 590-ம் உண்டு. 28 என்ற பெயரில் 622-ம் உண்டு, 635-ம் உண்டு. ஒன்றின் டயர் மற்றொன்றின் ரிம்மில் ஏறவே ஏறாது. ஏறினால் நிற்காது.

உள்ளே போனதும்

பெயரை ஒரு நோட்டில் எழுதச் சொல்வார்கள். சில இடங்களில், நீங்கள் செய்த வேலைக்கு நீங்களே பொறுப்பு என்று ஒரு தாளில் கையெழுத்து கேட்பார்கள். பயந்துவிட வேண்டாம், படித்துப் பார்த்துப் போடுங்கள்.

பிறகு "என்ன பிரச்சினை?" என்று கேட்பார்கள். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பாகங்களின் பெயர் தெரியவில்லையே என்று கூச்சம். பெயர் தெரிய வேண்டாம். எப்போது, எங்கே, என்ன சத்தம் என்று சொன்னால் போதும். "மிதிக்கும்போது மட்டும் டக் டக்குன்னு வருது, சும்மா உருளும்போது வரலை" என்ற ஒரு வாக்கியம் போதும். கோளாறு பெடல், பெடலைத் தாங்கும் கிராங்க், செயின் பக்கம்தான் என்று பாதி வேலை முடிந்துவிட்டது. மாறாக, "பாட்டம் பிராக்கெட் போயிடுச்சு, மாத்தணும்" என்று இணையத்தில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறவர்களிடம்தான் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ஸ்டாண்டில் மாட்டும்போது சீட்டுக்குக் கீழே இருக்கும் கம்பியைப் பிடித்து மாட்டுங்கள். ஃபிரேமின் குழாயைக் கவ்வினால், மெல்லிய அலுமினியக் குழாய் நசுங்கும், கார்பன் குழாய் விரிசல் விடும். பெயிண்ட் போவதெல்லாம் அப்புறம்.

கைவைக்கும் முன் மூன்று விஷயத்தை நீங்களே பாருங்கள்: காற்று, பிரேக், செயின். டயரை அமுக்கிப் பாருங்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னே தள்ளிப் பாருங்கள். செயினில் துரு இருக்கிறதா, தொங்குகிறதா பாருங்கள். நீங்கள் பிரேக்குக்காக வந்திருக்கலாம்; உண்மையில் உயிருக்கு ஆபத்து டயரில் இருக்கலாம். என் பட்டறையில் ஒருவர் மணி அடிக்கவில்லை என்று வந்தார். முன்சக்கர நட்டு இரண்டும் கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன.

முதல் வேலை: பஞ்சர்

எல்லோரும் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சக்கரத்தைக் கழற்றுங்கள். பெரும்பாலான சக்கர நட்டுக்கு 15 மி.மீ. ஸ்பானர். பின்சக்கரத்தில் கியர் இருந்தால், கழற்றும் முன் செயினை மிகச் சின்ன பல்சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள், வெளியே எடுப்பதும் திரும்ப மாட்டுவதும் சுலபம். மிச்சக் காற்றையும் வெளியே விடுங்கள். டயரின் ஓரத்தை ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் சுற்றிலும் கட்டை விரலால் தள்ளிக்கொண்டே வாருங்கள். ரிம்மின் நடுப்பகுதி ஓரத்தைவிடத் தாழ்வாக இருப்பதால் அங்கே டயருக்குக் கொஞ்சம் தளர்ச்சி கிடைக்கும். இதைச் செய்யாமல் நெம்புகோலைப் போட்டு இழுப்பவர்கள்தான் டியூபை இரண்டாவது இடத்தில் கிழித்துக்கொள்கிறார்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பவே கூடாது.

டியூபை எடுத்துக் காற்றடித்து, தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும். தண்ணீர் இல்லாவிட்டால் உதட்டுக்குப் பக்கத்தில் டியூபைக் கொண்டுபோய்ச் சுற்றிக்கொண்டே வாருங்கள், ஓட்டையிலிருந்து வரும் காற்று உதட்டில் படும். ஓட்டை கிடைத்தவுடன் ஒட்ட ஆரம்பித்துவிடாதீர்கள். வால்விலிருந்து அந்த ஓட்டை எவ்வளவு தூரம் என்று அளந்து, டயரின் உள்பக்கத்தில் அதே இடத்தைத் தடவிப் பாருங்கள். மெதுவாக. விரலைக் கிழிக்கும். கண்ணாடிச் சில்லோ முள்ளோ இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காமல் ஒட்டினால் நாளைக்கே திரும்ப வருவீர்கள். பக்கத்துப் பக்கத்தில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை இருந்தால் முள் தேட வேண்டாம். காற்றுக் குறைவாக வைத்துக்கொண்டு பள்ளத்தில் இறக்கியதில், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. ஓட்டை டியூபின் உள்வட்டத்தில், ஸ்போக்ஸ் பக்கமாக இருந்தால் ரிம்மின் உள்பக்கம் சுற்றியிருக்கும் பட்டையை, அதாவது ரிம் டேப்பைப் பாருங்கள், ஏதோ ஒரு ஸ்போக்ஸ் முனை குத்துகிறது.

உப்புத்தாளால் ஓட்டையைச் சுற்றித் தேயுங்கள், பளபளப்பு போகும்வரை. வார்ப்பில் வந்த கோடு ஒன்று குறுக்கே ஓடினால் அதையும் தேய்த்துச் சமமாக்குங்கள், இல்லாவிட்டால் அந்தக் கோட்டின் வழியாகவே காற்றுக் கசியும். ஒட்டும் துண்டைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்துக்குச் சொல்யூஷனை மெல்லிசாகப் பூசுங்கள். இப்போது காத்திருங்கள். இந்தக் காத்திருப்பைத்தான் யாரும் செய்வதில்லை. சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே துண்டை வைத்து அமுக்கிவிடுகிறார்கள், அது வழுக்கிக்கொண்டு போகிறது. இது காகிதத்துக்குப் பசை தடவி ஒட்டுகிற வேலை அல்ல. ஈரம் ஆவியாகிப் போன பிறகு, மிச்சம் இருக்கும் படலமும் துண்டின் அடியில் இருக்கும் படலமும் சேர்ந்து ரப்பரோடு ரப்பராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சில நிமிடம் ஆகும். பளபளப்பு மங்கி, ஓரத்தைத் தொட்டால் விரலில் இழுக்காமல் இருக்க வேண்டும். அப்போது துண்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள்.

திரும்ப மாட்டும்போது டியூபில் லேசாகக் காற்றடித்து, உருண்டையாக இருக்கும் அளவுக்கு வைத்து டயருக்குள் நுழைத்துவிடுங்கள். கடைசிப் பகுதியை வால்வுக்குப் பக்கத்தில் முடித்தால் டயர் சுலபமாக ஏறும். முழுக் காற்று அடிக்கும் முன் இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்து, டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும்.

முதல் தடவை இதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம். ஆகட்டும்.

பெடல், செயின், பால்ரஸ்

இடது பெடலின் மரை எதிர்த் திசையில் இருக்கும். இது தெரியாமல் ஒரு பையன் இருபது நிமிடம் முழுப் பலத்தோடு அதை இறுக்கிக்கொண்டே இருந்தான், கழற்றுகிறோம் என்ற நினைப்பில். நினைவு வைத்துக்கொள்ள ஒரு வழி: ஸ்பானரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, சைக்கிளின் பின்பக்கமாகத் தள்ளுங்கள். இடமோ வலமோ, கழன்றுவிடும். முன்பக்கமாகத் தள்ளினால் இறுகும். மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருகுங்கள். மரை கோணலாக ஏறிவிட்டால் கிராங்கே போய்விடும்.

செயின் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு அடி ஸ்கேல் போதும். செயினின் ஒரு கணுவுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி அரை அங்குலம். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்தால், புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின் சரியாக உட்காரும். அந்தப் பின் 12 அங்குலத்தை ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டது என்றால் பின்னால் இருக்கும் பல்சக்கரங்களும் அதோடு சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் மட்டும் போட்டால் மிதிக்கும்போது வழுக்கும். எண்ணெய் போடுவதில் ஒரே ஒரு விதி: ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு, கொஞ்ச நேரம் சுற்றவிட்டு, வெளியே இருப்பதையெல்லாம் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளேதான் வேலை செய்கிறது. வெளியே இருக்கும் எண்ணெய் மண்ணைத்தான் பிடிக்கும். எண்ணெய்க் கையோடு ரிம்மையோ டிஸ்கையோ தொடாதீர்கள், பிரேக் பிடிக்காது.

ஓவராயில், அதாவது பிரித்துத் துடைத்துக் கிரீஸ் வைத்துத் திரும்ப மாட்டுவது, கற்றுக்கொள்வது இரண்டாவது மூன்றாவது வருகைக்கான வேலை. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் பிரித்தால் உள்ளே இருக்கும் பால்ரஸ் குண்டுகள் கொட்டும். வழக்கமான ஹப்பென்றால் முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10, பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9. பின்சக்கரத்தின் குண்டுகள் கொஞ்சம் பெரியவை. பிரிக்கும் முன் கீழே ஒரு துணியை விரியுங்கள். நான் முதல் தடவை விரிக்கவில்லை. ஒரு குண்டு உருண்டு அலமாரிக்கு அடியில் போய், அதை எடுக்கக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மீன் பிடிப்பதுபோல இழுத்தோம். வந்தது நான்கு குண்டு, ஒரு நட்டு, ஒரு சாவி. சாவி யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை.

சக்கரத்தில் கோட்டம் எடுப்பதை வேடிக்கை பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஸ்போக்ஸ் சாவியைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். அவசரக்காரர்களுக்கு ஏற்ற வேலை இல்லை.

பழைய பாகங்களின் டப்பா

பட்டறையின் பெரிய சொத்து இதுதான். தேடினால் ஏறக்குறைய எதுவும் கிடைக்கும். ஆனால் எல்லாவற்றையும் எடுத்துப் போடலாம் என்று இல்லை. பெடல், சீட், மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, ஒட்டுப் போட்ட டியூப் எல்லாம் தாராளமாக. பிரேக் ஒயரும் பிரேக் கட்டையும் புதிதாகவே போடுங்கள், இதில் மிச்சம் பிடிப்பது சரியில்லை. விழுந்து அடிபட்ட ஹேண்டில் பார், வளைந்த ஃபோர்க், கார்பன் பாகம், யாரோ போட்ட ஹெல்மெட், இவற்றை வெளியே பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் நுரை ஒரே ஒரு அடியைத்தான் தாங்கும். அந்த அடி ஏற்கெனவே பட்டதா என்று டப்பாவில் கிடக்கும் ஹெல்மெட் சொல்லாது.

மின்சார சைக்கிளின் பேட்டரியைத் தொட மாட்டோம் என்று பல பட்டறைகள் சொல்லிவிடும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் மரமும் டயரும் எண்ணெயும் நிறைந்த அறை என்னவாகும் என்று யோசித்தால் கோபம் வராது. பிரேக்கும் டயரும் செயினும் மின்சார சைக்கிளிலும் அதேதான், அதைச் செய்துகொள்ளலாம்.

காசு விஷயம்

கேட்கக் கூச்சப்படாதீர்கள், வாசலிலேயே எழுதியிருக்கும். சில பட்டறைகளில் வருடச் சந்தா, சில இடங்களில் ஸ்டாண்டு வாடகை மணிக்கணக்கில், சில இடங்களில் உண்டியல், முடிந்ததைப் போடலாம். பாகங்களுக்குத் தனியாக ஏதாவது வாங்குவார்கள். கையில் காசே இல்லை என்றால் நேரத்தைக் கொடுக்கலாம்: டியூப்களுக்கு ஒட்டுப் போடுவது, நட்டு போல்ட்டை அளவு பார்த்துப் பிரிப்பது, தரையைக் கூட்டுவது. இதைத் தருமமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நட்டு பிரிக்கிற ஆள் கிடைக்காமல் எங்கள் டப்பாக்கள் மாதக்கணக்கில் கிடக்கின்றன.

சைக்கிளே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. பல பட்டறைகளில், குறிப்பிட்ட மணி நேரம் வேலை கற்றுக்கொண்டு உதவினால், நன்கொடையாக வந்த ஒரு சைக்கிளை நீங்களே சரிசெய்து வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். 1984-ல் தொடங்கிய, பாஸ்டனைச் சேர்ந்த 'பைக்ஸ் நாட் பாம்ஸ்' என்ற அமைப்பு முதலில் நிகரகுவாவுக்குப் பழைய சைக்கிள்களை அனுப்பி வந்தது. பிறகு தன் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இப்படிச் சைக்கிளை உழைத்துச் சம்பாதிக்கும் வகுப்புகளை நடத்தியது. லண்டனில் 2013-ல் தொடங்கிய 'தி பைக் ப்ராஜெக்ட்' பழைய சைக்கிள்களைப் புதுப்பித்து அகதிகளுக்குக் கொடுக்கிறது, சைக்கிள் ஓட்டத் தெரியாத அகதிப் பெண்களுக்கு ஓட்டவும் சொல்லித் தருகிறது. வேலை செய்ய அனுமதியில்லாமல் புது நாட்டில் காத்திருக்கிறவருக்கு பஸ் கட்டணமே பெரிய விஷயம். வக்கீலைப் பார்க்க, மொழி வகுப்புக்குப் போக, ஒரு சைக்கிள் இருந்தால் அந்தச் செலவு இல்லை.

கருவியைப் பிடுங்குகிறவர்கள்

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். புதிதாக வருகிறவர் திணறும்போது, "இங்கே குடுங்க" என்று ஸ்பானரைப் பிடுங்கி இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுக்கிற ஆள் எல்லாப் பட்டறையிலும் இருப்பார். நல்ல எண்ணம்தான். ஆனால் வந்தவர் கற்றது ஒன்றுமில்லை. இது பெண்களுக்கு அதிகமாக நடக்கிறது. கூடவே வந்த ஆணைப் பார்த்து விளக்கம் சொல்வதும் நடக்கிறது, சைக்கிள் அந்தப் பெண்ணுடையதாக இருந்தாலும். பெண்களுக்கென்று பல பட்டறைகள் தனி நாள் ஒதுக்கியிருப்பதற்கு இதுதான் காரணம். உங்களுக்கு இப்படி நடந்தால், "நான் செஞ்சு பார்க்கிறேன், நீங்க சொல்லுங்க" என்று கையை நீட்டி ஸ்பானரைத் திரும்பக் கேளுங்கள். மரியாதைக் குறைவு இல்லை. அது பட்டறையின் சொந்த விதி.

நீங்கள் சொல்லித் தரும் பக்கத்துக்கு வந்துவிட்டால், கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். நிஜமாகவே. கை முன்னால் இருந்தால் போய்விடும். எனக்கு இன்னும் போகிறது. விடையைச் சொல்வதற்குப் பதில், "இதைத் திருப்பினா எது நகருது பாருங்க" என்று கேளுங்கள். பிரேக், ஹேண்டில் பார், சக்கர நட்டு, இந்த மூன்றையும் மட்டும் சைக்கிள் வெளியே போகும் முன் இன்னொரு ஆள் கட்டாயம் தொட்டுப் பார்க்க வேண்டும். இதில் கூச்சமோ தயவோ கிடையாது.

உங்கள் பகுதியில் பட்டறை இல்லை என்றால்

தொடங்குவது அவ்வளவு கடினம் இல்லை, தொடர்வதுதான். முதலில் இடம் பார்க்க ஓடாதீர்கள். நாலு பேர், இரண்டு ஸ்டாண்டு, ஒரு நல்ல தரைப் பம்பு, வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம். மழையானாலும் யாரும் வராவிட்டாலும் அந்த நேரத்துக்கு அங்கே இருங்கள். இரண்டு தடவை வந்து பூட்டியிருப்பதைப் பார்த்தவர் மூன்றாவது தடவை வர மாட்டார்.

கருவியில் எண்ணிக்கையைவிடத் தரம் முக்கியம். 15 மி.மீ. ஸ்பானர், பெடல் ஸ்பானர், 4, 5, 6 மி.மீ. அலன் கீ, ஹப்புக்கு 13 முதல் 17 மி.மீ. வரை மெல்லிய கோன் ஸ்பானர்கள், செயின் பிரிப்பான், கிராங்க் இழுப்பான், ஸ்போக்ஸ் சாவி, ஒயர் வெட்டும் கட்டர், டயர் நெம்புகோல் பத்து. பத்து என்று சொல்லக் காரணம், மாதத்துக்கு இரண்டு மாயமாகிவிடும். மலிவான அலன் கீயின் முனை உருண்டுபோய், போல்ட்டின் தலையையும் கெடுத்துவிடும். அதைக் கழற்ற அரை நாள் ஆகும்.

ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் சைக்கிள் கிடைக்குமா என்றுதான் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியது நேர்மாறாக. செய்தி பரவியதும் எல்லோர் வீட்டுப் பின்புறத்திலிருந்தும் துருப்பிடித்த சைக்கிள்கள் வர ஆரம்பிக்கும், சில ராத்திரியோடு ராத்திரியாக வாசலில் வந்து கிடக்கும். மூன்று மாதத்தில் நடக்க இடம் இருக்காது. வந்த அன்றே முடிவெடுங்கள்: இது ஓடும், இது பாகத்துக்கு, இது பழைய இரும்புக்கு. பழைய இரும்பும் அலுமினியமும் விற்ற காசில் ஒட்டும் துண்டும் சொல்யூஷனும் வாங்கலாம். எதை வாங்கினாலும் ஃபிரேம் எண்ணை எழுதி வையுங்கள். பெரும்பாலும் கிராங்குக்கு அடியில், சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பினால் தெரியும் இடத்தில் பொறித்திருக்கும். கொடுத்தவர் பெயரும் தேதியும் பக்கத்திலேயே. திருட்டுச் சைக்கிள் ஒன்று உங்கள் வழியாகக் கைமாறினால், பட்டறையின் பெயர் அந்தப் பகுதியில் எழுந்து நிற்க வெகு காலம் ஆகும்.

தனியாகத் திண்டாட வேண்டியதும் இல்லை. ஏற்கெனவே நடத்துகிறவர்கள் கேட்டால் தங்கள் விதித் தாளையும் கணக்கு நோட்டின் அமைப்பையும் தயங்காமல் கொடுப்பார்கள். பிரான்ஸில் இப்படிப்பட்ட பட்டறைகள் ஒன்றுசேர்ந்து 2010-ல் 'லெரோ சிக்லாஜ்' என்ற கூட்டமைப்பையே அமைத்துக்கொண்டன. நான்கு பட்டறை சேர்ந்தால் ஒரு விலை உயர்ந்த கருவியைப் பொதுவில் வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

மூடும் நேரம்

சுவரில் கருவிகள் தொங்கும் பலகையில், ஒவ்வொன்றின் உருவத்தையும் பெயிண்டால் வரைந்து வையுங்கள். மூடுவதற்குக் கால்மணி நேரம் முன்பு யாராவது ஒருவர் கைதட்ட வேண்டும். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கருவிகளைத் திரும்ப மாட்ட வேண்டும். வெறும் நிழல் மட்டும் தெரிகிற இடம் காணாமல் போன கருவி. எங்கள் பலகையில் அடிக்கடி காலியாக இருப்பது 15 மி.மீ. ஸ்பானரின் நிழல். வந்த முதல் நாள் நீங்கள் கிளம்பி, தெருமுனை தாண்டி, மிதிக்கும்போது தொடையில் ஏதோ குத்தினால், திரும்பி வாருங்கள். கதவைப் பூட்டாமல் காத்திருப்போம்.